ரெண்டு ஃபோல்டர், ஒரே இடம்: இணைப்பு அடைவுகளின் வரலாறு

எங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கியதே விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதன் ஆரம்ப காலத்து மிஷின். அதில் விண்டோஸ் 7 ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று என இரண்டு இயங்குதளங்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007ல் வெளியிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலருக்கு முதன்முதலில் கண்ணில் பட்ட லினக்ஸ் அதுதான்.

போன வருடம் அந்த மிஷினில் இடம் இல்லை என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. தேடிப் பார்த்தேன். லினக்ஸ் பக்கம் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர். டி டிரைவில் 'ஃபோட்டோ' என்று இன்னொரு ஃபோல்டர். இரண்டிலும் அதே படங்கள், அதே எண்ணிக்கை. எதற்கு ரெண்டு காப்பி என்று ஒன்றுக்குள் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் டெலீட் கொடுத்துவிட்டேன். பிறகு மற்றதைத் திறந்தால் அதுவும் காலி!

அவை ஆச்சியின் படங்கள். காட்டில் பருத்தி எடுக்கும்போது அண்ணன் எடுத்தவை. ஆச்சி இப்போது இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏல, அது காப்பி கிடையாதுல. ரெண்டும் ஒண்ணுதான். நான்தான் லிங்க் போட்டு வச்சிருந்தேன்" என்றான்.

தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஃபோல்டரின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள்? எதற்காக? தேடிப் படித்ததில் அறுபது வருடக் கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் வேறு, இடம் வேறு

முதலில் ஒரு அடிப்படை. ஃபோல்டர் என்றால் கோப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டி என்று நாம் நினைக்கிறோம். திரையில் வரும் படமும் அப்படித்தான் காட்டுகிறது. உண்மையில் ஃபோல்டர் ஒரு பட்டியல். அதைத் தமிழ் லினக்ஸ்காரர்கள் 'அடைவு' என்று எழுதுவார்கள். அதில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, யாருடையது என்ற விவரம் எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் எழுதப்பட்டிருக்கும். யூனிக்ஸில் இதற்கு ஐநோடு எண் என்று பெயர்.

எங்கள் ஊரையே உதாரணமாகச் சொல்கிறேன். நாகலாபுரம் என்று சொன்னால் மட்டும் போதாது. ஆந்திராவிலும் ஒரு நாகலாபுரம் இருக்கிறது. அதனால் தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டம், நாகலாபுரம் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கணினியில் இதைத்தான் பாதை என்கிறார்கள். ஆனால் இந்தப் பாதையும் மாறக்கூடியதுதான். 1986 அக்டோபர் 20க்கு முன்னால் இதே ஊர் திருநெல்வேலி மாவட்டம். அதற்குப் பிறகு சிதம்பரனார் மாவட்டம். 1997ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரை எடுத்தபோது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. விலாசம் இரண்டு முறை மாறிவிட்டது. கரிசல் மண் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

ஆக, பாதை என்பது ஒரு இடத்துக்குப் போகும் வழி. அந்த இடம் அல்ல. இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

1965: மல்டிக்ஸ்

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று மரம்போல அடுக்கும் முறை இன்று நமக்கு மூச்சுவிடுவது போல ஆகிவிட்டது. இதைத் தெளிவாக எழுதி வைத்த முதல் ஆவணங்களில் ஒன்று 1965ல் அமெரிக்காவில் ஒரு கணினி மாநாட்டில் வாசிக்கப்பட்டது. எழுதியவர்கள் டேலி, நியூமன் என்ற இருவர். எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்த மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான திட்டம் அது.

ஆச்சரியம் என்னவென்றால், அடைவு மரத்தோடு சேர்ந்தே இணைப்பும் பிறந்துவிட்டது. அந்தக் கட்டுரையில் அடைவில் இருக்கும் பதிவு இரண்டு வகை. ஒன்று கிளை. அது உண்மையான கோப்பையோ அடைவையோ நேராகக் காட்டும். இன்னொன்று இணைப்பு. அது மரத்தில் வேறெங்கோ இருக்கும் ஒரு பதிவைக் காட்டும். காரணம் எளிது. பலர் ஒரே கணினியைப் பங்கிட்டு வேலை செய்யும்போது, ஒருவருடைய கோப்பு இன்னொருவருக்கும் தேவைப்படும். மரத்தில் ஒரு பொருளுக்கு ஒரே இடம்தான். மனிதர்களுக்கோ ஒரு பொருள் இரண்டு மூன்று இடத்தில் வேண்டியிருக்கிறது. அந்த இழுபறிதான் இன்று வரை நடக்கிறது.

1969 முதல் 1974 வரை: யூனிக்ஸ் போட்ட தடை

பெல் ஆய்வகம் 1969ல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கே இருந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் பி.டி.பி-7 என்ற சின்னக் கணினியில் தொடங்கியதுதான் யூனிக்ஸ். அதன் முதல் வடிவம் எப்படி இருந்தது என்று ரிட்சியே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அந்த யூனிக்ஸில் பாதைப் பெயர் என்பதே கிடையாது! சாய்கோடு போட்டு அடைவு, உள் அடைவு என்று எழுத முடியாது. நிற்கும் அடைவில் என்ன பெயர் இருக்கிறதோ அதை மட்டும்தான் கூப்பிட முடியும். பிறகு இன்னொருவர் கோப்பை எப்படி எடுப்பது? இணைப்பு போட்டுத்தான். எல்லாப் பயனர்களின் அடைவுகளையும் பட்டியலிடும் 'டிடி' என்று ஒரு பொது அடைவு இருந்தது. ஒவ்வொருவரும் தன் அடைவில் அந்த டிடிக்கு ஒரு இணைப்பு வைத்துக்கொள்வார்கள். அதன் வழியாக மற்றவர் வீட்டுக்குப் போய்வருவார்கள். நாம் இன்று ஆபத்தான வித்தை என்று நினைக்கும் அடைவு இணைப்புதான் அன்றைக்குப் பொதுப்பாதை.

இந்த வகை இணைப்புக்கு ஹார்டு லிங்க் என்று பெயர். ஒரே ஐநோடு எண்ணுக்கு இரண்டு பெயர். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஊரில் பட்டப்பெயர் ஒன்று இருப்பதைப் போல. எது அசல், எது நகல் என்ற பேச்சே இல்லை. இரண்டும் அசல்தான். ஒரு பெயரை அழித்தால் ஆள் போய்விட மாட்டார். கடைசிப் பெயரும் அழிந்தால்தான் கணினி அந்த இடத்தை விடுவிக்கும். அதற்காக ஒவ்வொரு ஐநோடும் தனக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும்.

கோப்புகளுக்கு இது அழகாக வேலை செய்தது. அடைவுகளுக்குத்தான் சிக்கல். தாம்சனும் ரிட்சியும் 1974 ஜூலையில் வெளியிட்ட புகழ்பெற்ற யூனிக்ஸ் கட்டுரையில், அடைவுகள் மரமாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லி அதற்குக் காரணமும் கொடுத்தார்கள். ஒரு அடைவின் பெயர் அதன் தாய் அடைவில் மட்டும்தான் இருக்கலாம்.

ஏன் இந்தத் தடை? இப்படி யோசித்துப் பாருங்கள். 'அ' என்ற அடைவுக்குள் 'ஆ' இருக்கிறது. 'ஆ'வுக்குள் மறுபடி 'அ'வுக்கே ஒரு ஹார்டு லிங்க் போடுகிறோம். இப்போது மரத்தின் வேரிலிருந்து 'அ'வுக்கு வரும் பெயரை அழித்துவிட்டால் என்ன ஆகும்? 'அ'வுக்கு ஒரு பெயர் மிச்சம் இருக்கிறது, 'ஆ'வுக்கும் இருக்கிறது. கணக்குப்படி இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து உள்ளே போக வழி இல்லை. ஊரோடு இணைக்கும் ரோடு அறுந்துபோன இரண்டு வீடுகள், ஒன்றுக்கொன்று மட்டும் வழி. வட்டில் இடம் போனது போனதுதான்.

இரண்டாவது காரணம், மரத்தைச் சுற்றி வரும் நிரல்கள். தேடுவது, நகலெடுப்பது, மொத்தமாக அழிப்பது எல்லாமே ஒவ்வொரு அடைவாக உள்ளே இறங்கிப் போகும் வேலை. மரத்தில் வளையம் இருந்தால் அந்த நிரல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். முடிவே இருக்காது.

1983: திரும்பி வந்த இணைப்பு

தடை போட்டாகிவிட்டது, தேவை போய்விட்டதா? இல்லை. வட்டுகள் பெருகின. ஒரு வட்டு நிரம்பினால் ஒரு அடைவை அடுத்த வட்டுக்கு மாற்ற வேண்டும். ஆனால் நூறு நிரல்கள் பழைய பாதையையே நம்பியிருக்கும். ஹார்டு லிங்கால் இதைத் தீர்க்க முடியாது. ஐநோடு எண் அந்தந்த வட்டுப் பகுதிக்குள் மட்டும்தான் செல்லும். அடுத்த பகுதியில் அதே எண் வேறு எதற்கோ இருக்கும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகம் 1983ல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் சிம்பாலிக் லிங்க் வந்தது. சுருக்கமாக சிம்லிங்க். இது எண்ணைக் காட்டாது, பாதையைக் காட்டும். உள்ளே இருப்பது சில எழுத்துகள் மட்டும்.

கோவில்பட்டி பஜாரில் ஒரு கடையைக் காலி செய்துவிட்டு, பூட்டிய கதவில் 'கடை பஸ் ஸ்டாண்டு அருகில் மாற்றப்பட்டுள்ளது' என்று தாள் ஒட்டிப் போவார்களே, அதுதான் சிம்லிங்க். தாளைக் கிழித்தால் கடைக்கு ஒன்றும் ஆகாது. புதுக் கடையும் மூடிவிட்டால் தாளுக்கு அது தெரியாது, அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். இதைத்தான் அறுந்த இணைப்பு என்கிறோம். இரண்டு கதவுகளில் ஒன்றையொன்று காட்டும் தாள்கள் இருந்தால் நாம் நடந்துகொண்டே இருப்போம்.

அந்த வளையத்தை பெர்க்கிலிக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? வளையம் இருக்கிறதா என்று ஆராயவே இல்லை. எத்தனை தாளைப் படித்தோம் என்று மட்டும் எண்ணினார்கள். 8 தாண்டினால் நிறுத்திவிட்டுப் பிழை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இன்றைய லினக்ஸில் அந்த எல்லை 40. வழி மட்டும் அதேதான்.

ஆனால் இன்னொரு குழப்பத்துக்கு இப்படிச் சுலபமான தீர்வு கிடைக்கவில்லை. யூனிக்ஸில் இரண்டு புள்ளி வைத்தால் மேலே உள்ள தாய் அடைவு என்று பொருள். ஒரு சிம்லிங்க் வழியாக உள்ளே போய்விட்டு இரண்டு புள்ளி கொடுத்தால் எங்கே போக வேண்டும்? வந்த வழிக்கா, அந்த அடைவு உண்மையில் இருக்கும் இடத்தின் தாய்க்கா? கோர்ன் ஷெல் வந்த வழியை நினைவில் வைத்துக்கொண்டது, பாஷ் ஷெல்லும் அப்படியே. ஆனால் மற்ற நிரல்கள் உண்மையான தாயைத்தான் பார்க்கும். அதனால் இன்றும் லினக்ஸில் ஒரு இணைப்புக்குள் நின்றுகொண்டு 'சிடி' கட்டளையால் மேலே ஏறினால் ஒரு இடம், 'எல்எஸ்' கட்டளையால் மேலே பார்த்தால் வேறு இடம்! பெல் ஆய்வகத்தின் ராப் பைக் 2000ல் இந்த ஒரு சிக்கலைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். அவர்கள் உருவாக்கிய பிளான் 9 இயங்குதளத்தில் சிம்லிங்க் கிடையாது.

விண்டோஸ் வந்த வழி

விண்டோஸ் 95ல் ஷார்ட்கட் வந்தது. அது இணைப்பு மாதிரி தெரியுமே தவிர, உண்மையில் தனிக் கோப்பு. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் அதன் பொருள் தெரியும். கோப்பு முறைமைக்கு அது இன்னொரு கோப்பு, அவ்வளவுதான்.

உண்மையான அடைவு இணைப்பு 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000ல் தொடங்கியது. அதன் பெயர் ஜங்ஷன். ஃபோல்டரில் ரீபார்ஸ் பாயிண்ட் என்ற ஒரு அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். பாதையைப் படித்துக்கொண்டே வரும் விண்டோஸ் அதைக் கண்டதும் நின்று, உள்ளே எழுதியிருக்கும் புதுப் பாதையிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கும். அதை உருவாக்க அந்த விண்டோஸில் பொத்தான் எதுவும் இல்லை, தனிக் கருவி தேவைப்பட்டது. எக்ஸ்ப்ளோரரிலோ அது சாதா ஃபோல்டர் போலவே தெரிந்தது. வேண்டாத ஜங்ஷன் என்று எக்ஸ்ப்ளோரரில் அழித்தவர்கள் அது காட்டிய இடத்தில் இருந்த அசல் கோப்புகளையே இழந்தார்கள். படித்தபோது, நான் தனி ஆள் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல்!

2007ல் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய பெயர் மாற்றம் செய்தது. 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டர் 'யூசர்ஸ்' ஆனது. 'மை டாக்குமெண்ட்ஸ்' வெறும் 'டாக்குமெண்ட்ஸ்' ஆனது. ஆனால் பழைய பெயரை நம்பி எழுதிய நிரல்கள் ஏராளம். அதனால் ஒவ்வொரு பழைய பெயரிலும் ஒரு ஜங்ஷன் வைத்தார்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா என்று இருந்தாலும் நிலம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில்தான் என்று புரிந்துகொள்கிறோம் இல்லையா, அதே வேலை.

அந்த மடிக்கணினியின் விண்டோஸ் 7லும் இவை இருக்கின்றன. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும். திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். நான் ஏதோ வைரஸ் என்று நினைத்திருந்தேன். அது வேண்டுமென்றே போட்ட பூட்டு. பழைய நிரல் அதன் வழியாக ஒரு குறிப்பிட்ட கோப்புக்குப் போகலாம், ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்க முடியாது. ஏன் தெரியுமா? 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் 'லோக்கல்', அதற்குள் 'அப்ளிகேஷன் டேட்டா' என்று ஒரு ஜங்ஷன் இருக்கிறது. அது காட்டுவது அதே 'லோக்கல்' ஃபோல்டரை! அதாவது தன் தாயையே. பூட்டை மீறி உள்ளே போகும் நகலெடுப்பு நிரல்கள் அப்ளிகேஷன் டேட்டாவுக்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் இன்னொன்று என்று பாதை நீண்டு எல்லையை முட்டும் வரை இறங்கிக்கொண்டே போகும். 1974ல் எச்சரித்த அதே வளையம்.

அதே 2007 அக்டோபரில் ஆப்பிள் நேர் எதிர் வழியில் போனது. மேக் ஓ.எஸ். 10.5ன் டைம் மெஷின் வசதிக்காக அடைவுகளுக்கே ஹார்டு லிங்க் அனுமதித்தார்கள். மாறாத ஃபோல்டரை மறுபடி நகலெடுக்காமல் பழையதற்கே ஒரு புதுப் பெயர் கொடுத்தால் இடம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு நாள் நகலும் முழுசாகத் தெரியும். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் 2017ல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். கோப்பு முறைமையில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதுதான் முதல் பாடம். லினக்ஸில் 'எல்எஸ்' கட்டளையோடு சிறிய எல் சேர்த்தால், இணைப்புக்கு வரியின் முதல் எழுத்து எல் என்று வரும். பெயருக்குப் பின்னால் அம்புக்குறியும் அது காட்டும் பாதையும் இருக்கும். 'ரியல்பாத்' என்ற கட்டளை எல்லா இணைப்பையும் தாண்டிப் போய் உண்மையான பாதையைச் சொல்லும். இரண்டு ஃபோல்டர்களுக்கும் ஒரே பதில் வந்தால் இடம் ஒன்றே.

அதிலும் பிடிபடாத ஒரு வகை உண்டு. ஒரு அடைவை இன்னொரு இடத்தில் மவுண்ட் செய்து வைத்திருந்தால் அம்புக்குறி வராது, ரியல்பாத்தும் இரண்டு பாதை சொல்லும். அப்போது எண்ணைத்தான் கேட்க வேண்டும். 'ஸ்டாட்' கட்டளையோடு பெரிய எல் சேர்த்துக் கொடுத்தால் வட்டுப் பகுதியின் எண்ணும் ஐநோடு எண்ணும் வரும். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் பெயர் எதுவானாலும் இடம் ஒன்றுதான். வளையத்தைக் கண்டுபிடிக்கும் 'ஃபைண்ட்' போன்ற நிரல்களும் இதைத்தான் செய்கின்றன. இறங்கி வந்த வழியில் உள்ள அடைவுகளின் எண்ணை வைத்துக்கொண்டு, அதே எண் மறுபடி வந்தால் நின்றுவிடுகின்றன.

விண்டோஸில் கமாண்டு பிராம்ப்டில் 'டிர்' கட்டளையோடு '/ஏஎல்' சேர்த்தால் இணைப்புகள் மட்டும் வரும். ஜங்ஷன் என்றோ சிம்லிங்க்டி என்றோ வகை தெரியும், பக்கத்தில் அது காட்டும் இடமும் இருக்கும். நகலெடுக்க 'ரோபோகாப்பி' பயன்படுத்தினால் '/எக்ஸ்ஜே' சேர்த்துவிட்டால் ஜங்ஷனுக்குள் போகாது.

அழிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இணைப்பை அழிப்பது வேறு, இணைப்புக்குள் போய் அழிப்பது வேறு. முதலாவது கதவில் இருக்கும் தாளைக் கிழிப்பது. இரண்டாவது கடைக்குள் புகுந்து சாமானைத் தூக்குவது. நான் செய்தது இரண்டாவது. லினக்ஸில் இணைப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு வைத்தாலே அது தாளைக் குறிக்காமல் கடையைக் குறித்துவிடும். ஒரு எழுத்து வித்தியாசம்தான்.

கடைசியாக

1965லிருந்து இன்று வரை எல்லாரும் தீர்க்கப் பார்த்தது ஒரே விஷயத்தை. பெயர்கள் மாறும், தேவைகள் மாறும், ஆனால் பழைய பெயரைச் சொல்லி வருகிறவனும் வழி தவறக் கூடாது. அந்த நல்ல எண்ணத்தில் போட்ட ஒவ்வொரு இணைப்பும், மரத்தைச் சுற்றி வருகிறவர்களுக்கு ஒரு புதுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. தடை போட்டும் பார்த்தார்கள், எண்ணியும் பார்த்தார்கள், பூட்டியும் பார்த்தார்கள். இணைப்பு இல்லாமல் இருக்க மட்டும் முடியவில்லை. பாஸ் லினக்ஸுக்கு மூலமான டெபியனிலேயே இப்போது வேரில் இருக்கும் 'பின்' அடைவு ஒரு சிம்லிங்க்தான்.

அண்ணனுடைய பழைய மெமரி கார்டு ஒன்றில் தேடியதில் ஆச்சியின் படம் பதினொன்று தேறியது. இப்போது அவற்றை டி டிரைவில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல் என்று வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்ததோடு விடவில்லை. எண்ணையும் சரிபார்த்துவிட்டுத்தான் நகல் என்று நம்பினேன்.

உங்கள் கணினியிலும் ஒரே மாதிரி இரண்டு ஃபோல்டர் இருந்தால், அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதைக் கேட்டுவிடுங்கள். அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.